திண்டிவனத்தில் நடந்தது என்ன? எந்தப் பத்திரிகையைக் கேட்கிறீர்கள்?

2025 செப்டம்பர் முதல் வாரத்தில், திண்டிவனம் நகராட்சி அலுவலக சிசிடிவியில் பதிவான சில நொடிக் காட்சி தமிழ்நாடு முழுக்கக் கைப்பேசிகளில் சுற்றியது. பட்டியலினத்தைச் சேர்ந்த இளநிலை உதவியாளர் ஒருவர், அப்போது மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க.வின் பெண் கவுன்சிலர் காலில் விழுகிறார். அறையில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். கட்டாயப்படுத்தி விழவைத்தார்கள் என்பது ஊழியரின் புகார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மன்னிப்புக் கேட்டு அவராகத்தான் விழுந்தார் என்பது கவுன்சிலர் தரப்பின் பதில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளிட்ட பிரிவுகளில் போலீஸ் வழக்குப் பதிந்தது. எஃப்.ஐ.ஆரில் கவுன்சிலரோடு அவருடைய கணவரின் பெயரும் ஏறியது.

எல்லாச் செய்திகளுக்கும் பொதுவாக இருந்தது இவ்வளவுதான். இதைத் தாண்டி ஒரு வரி எழுதப்போனாலும் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு திசையில் பிரிந்தது. அதற்காக ஒன்று உண்மையையும் மற்றொன்று பொய்யையும் எழுதியது என்று சொல்லிவிட முடியாது. கதையை எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். சிசிடிவி காட்சிக்கு வழக்கமாக ஒலி கிடையாது. இங்கே சுற்றிய துண்டுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முன்கதையையும் பின்கதையையும் ஒட்டிக்கொடுப்பது செய்தி நிறுவனத்தின் வேலையாகிறது. ஒட்டும் கை யாருடையது என்பதைப் பொறுத்துக் கதை மாறுகிறது.

தேசிய அளவில் இயங்கும் ஆங்கில ஊடகங்களைப் பாருங்கள். அவர்களுக்குத் தலைப்பில் மூன்று விஷயங்கள் வந்தாக வேண்டும்: தலித், தி.மு.க., கால். திண்டிவனம் பெரும்பாலும் தலைப்பில் இருக்காது, ‘தமிழ்நாடு’ போதும். டெல்லி வாசகருக்குத் திண்டிவனம் தெரியாது, ஆனால் சமூகநீதி பேசும் ஒரு கட்சியின் உள்ளூர்ப் பிரதிநிதி காலில் ஒரு தலித் ஊழியர் விழுந்தார் என்ற முரண் அவருக்கு உடனே புரியும். செய்தி அந்த முரணில் தொடங்கி அதிலேயே முடிகிறது.

இதைக் குறைசொல்வது எளிது. சென்னையிலும் விழுப்புரத்திலும் பல மூத்த நிருபர்கள் ‘ஆங்கிலக்காரன் சாதியை மட்டும் பிடிச்சுக்குவான்’ என்று சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் சாதியை எடுத்துவிட்டால் இந்தச் செய்தியில் என்ன மிஞ்சும்? ஒரு ஆபீஸ் தகராறு. ஒருவர் கோபப்பட்டார், ஒருவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க ‘சாரி மேடம்’ என்ற இரண்டு சொல் போதுமான ஓர் அரசு அலுவலகத்தில் உடம்பு ஏன் தரையைத் தொட வேண்டியிருந்தது என்ற கேள்விக்குச் சாதியைத் தொடாமல் பதில் எழுத முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலத் தலைப்புகள் சரியாகவே இருந்தன.

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களுக்கு வேறொரு பழக்கம். ‘ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்’, ‘மற்றொரு தரப்பினர்’, ‘இரு பிரிவினரிடையே பதற்றம்’ என்று எழுதியே பல பத்தாண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். வடதமிழ்நாட்டில் இது எச்சரிக்கை உணர்விலிருந்து வந்த நடை. சாதிப் பெயரை அச்சிட்டால் கல் பறக்கும் என்ற பயம் அதில் உண்டு. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகளும் தேவையில்லாமல் சாதியைக் குறிப்பிட வேண்டாம் என்கின்றன. 2018 ஆகஸ்டில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒருபடி மேலே போய், தனியார் சேனல்கள் ‘தலித்’ என்ற சொல்லையே தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. சேனல்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம். இந்தக் கூச்சத்தின் பலன் என்னவென்றால், விழுந்தவரின் சாதி செய்தியில் வந்துவிடுகிறது, விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் சாதி எப்போதும் வருவதில்லை. தீங்குக்கு ஆளானவருக்கு மட்டும் சாதி இருப்பதைப் போன்ற ஒரு தோற்றம்.

இன்னொன்றும் உண்டு. ஊழியரின் முழுப்பெயரும் முகமும் பெரும்பாலான ஊடகங்களில் வெளியாயின. பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது; சாதி அவமதிப்பு வழக்குகளில் அப்படியொரு கட்டாயம் இல்லை. அதனால் வாழ்நாளின் மிக மோசமான நொடியோடு ஒருவரின் பெயர் இணையத்தில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கட்டுரைக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. அன்றைய செய்திகளில் எத்தனைக்குத் தேவைப்பட்டது என்பது சந்தேகமே.

ஃபைலில் தொடங்கியது

உள்ளூர் நிருபரிடம் கேட்டால் கதை காலில் தொடங்காது, ஒரு ஃபைலில் தொடங்கும். கவுன்சிலர் ஏதோ ஒரு ஃபைலைக் கேட்டார், அதை எடுத்துத் தருவதில் வாக்குவாதம் வந்தது என்பதுதான் வெளியான செய்திகளின் பொதுச் சாரம். மாநிலச் செய்திகளில் அரை வரியோடு கடந்துபோன இந்த விஷயத்தில்தான் நகராட்சி அலுவலகம் என்ற பணியிடத்தின் முழு உள்கட்டமைப்பும் இருக்கிறது.

ஒரு கவுன்சிலர் நகராட்சி ஊழியருக்கு மேலதிகாரி அல்ல. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு, 2023-இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படியும் அதற்கு முந்தைய நகராட்சிச் சட்டப்படியும் அலுவலக நிர்வாகம் கமிஷனர் பொறுப்பு. கவுன்சிலர் கேள்வி கேட்க வேண்டிய இடம் மன்றக் கூட்டம். நடைமுறையில் நடப்பது வேறு. தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் இணைப்பு இழுத்தடிக்கிறது, வீட்டுவரிப் பெயர்மாற்றம் நிற்கிறது என்று வார்டு மக்கள் கவுன்சிலரின் வீட்டுவாசலில் நிற்பார்கள். கவுன்சிலர் நேராக கிளார்க் மேசைக்கு வந்துவிடுவார். கூட வருவது கணவர்.

இந்தக் கணவர் விவகாரத்தைத் தமிழ் ஊடகங்கள் பல ஆண்டுகளாக நகைச்சுவையாகவே கையாண்டு வருகின்றன. 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு சட்டமானது. நகர்ப்புறத்தில் அது முதன்முதலில் செயலுக்கு வந்தது 2022 பிப்ரவரித் தேர்தலில். பல ஊர்களில் தேர்தலில் நின்றது மனைவி, அலுவலகத்துக்கு வருவது கணவர். திண்டிவனம் எஃப்.ஐ.ஆரில் கவுன்சிலரின் கணவர் பெயர் இருந்ததை எல்லோரும் எழுதினார்கள். எந்தப் பதவியும் இல்லாத ஒருவருக்கு அலுவலகப் பிரச்சினையில் என்ன வேலை என்று கேட்டவர்கள் குறைவு. உள்ளூர் நிருபருக்கு இந்த விஷயம் மனப்பாடம். பிறகு ஏன் எழுதவில்லை?

இங்கே உள்ளூர்ச் செய்தியின் பொருளாதாரத்தைச் சொல்லியாக வேண்டும். திண்டிவனம் போன்ற ஊரில் தாலுகா நிருபர் என்பவர் பெரும்பாலும் பகுதிநேரக்காரர். மாதச் சம்பளம் இருந்தால் அது பெயரளவுக்கு. பலருக்கு விளம்பர கமிஷன்தான் வருமானம். தலைவர் பிறந்தநாள் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, புதுக்கடைத் திறப்பு, பள்ளி ஆண்டுவிழா. வாழ்த்து விளம்பரம் கொடுப்பவர் யார்? சேர்மன், கவுன்சிலர், கட்சியின் நகரச் செயலாளர். காலையில் எவரிடம் விளம்பரத்துக்கு நின்றாரோ அவரைப் பற்றித்தான் மாலையில் எழுத வேண்டும். அவர் எழுதி அனுப்புவது விழுப்புரம் மாவட்ட நிருபருக்குப் போகும், அங்கிருந்து புதுச்சேரிப் பதிப்புக்கோ சென்னை டெஸ்க்குக்கோ போகும். 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியும், விழுப்புரத்துக்கான பக்கங்கள் பல நாளிதழ்களில் இன்றும் புதுச்சேரியில்தான் தயாராகின்றன. ஒவ்வொரு மேசையிலும் சில வரிகள் வெட்டுப்படும். முதலில் வெட்டுப்படுவது பின்னணி. அந்த ஃபைல் அநேகமாக இப்படித்தான் எங்கோ வழியில் காணாமல் போயிருக்கும்.

அதே நிருபர்தான் பல நேரங்களில், தன் பெயரில் எழுத முடியாததை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுபவரும். தான் வேலைபார்க்கும் பத்திரிகையில் நான்கு வரியாக வந்த செய்தி, யாரோ ஒருவரின் யூடியூப் சேனலில் பத்து நிமிடமாக ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

சேனலுக்கு ஒரு கட்சி

திண்டிவனம் சாதாரணத் தாலுகாத் தலைநகர் அல்ல. பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் மருத்துவராகத் தொழில் செய்த ஊர். அவருடைய தைலாபுரம் தோட்டம் பக்கத்தில்தான். அ.தி.மு.க.வின் சி.வி.சண்முகத்துக்கும் இதுதான் களம். சட்டமன்றத்தில் தனித்தொகுதி. விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதி. 2019 முதல் எம்.பி.யாக இருக்கும் ரவிக்குமார் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்காரர், அவரே சிற்றிதழ் நடத்திய எழுத்தாளர். அந்தக் கட்சி தி.மு.க. கூட்டணியில் இருந்தது. இப்படியொரு ஊரில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னால், இப்படியொரு காட்சி வெளியானால் அது எந்தச் சேனலில் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைத் தமிழ் நேயர் ரிமோட்டைத் தொடாமலே சொல்லிவிடுவார். கலைஞர் தொலைக்காட்சி யாருடையது, நியூஸ் ஜெ யார் பக்கம், மக்கள் தொலைக்காட்சி எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் இங்கே ரகசியமல்ல. கட்சித் தொலைக்காட்சிகளில் இத்தகைய சம்பவம் பெரும்பாலும் சம்பவமாக வராது. தலைவரின் கண்டன அறிக்கையாகவோ, மறுப்பறிக்கையாகவோ வரும். சிசிடிவி துண்டு அறிக்கைக்குப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த விஷயத்தில் தமிழ் ஊடகத்தின் மிகக் கொடிய உதாரணம் ஒரு பத்திரிகை அலுவலகத்திலேயே நடந்தது. 2007 மே 9. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று கருத்துக்கணிப்பு வெளியிட்ட, சன் குழும நாளிதழான தினகரனின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டது, மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். அதுவரை தி.மு.க.வின் குரலாகவே பார்க்கப்பட்ட சன் குழுமத்தின் திரையில் அந்தக் கட்சியின் மதுரை ஆட்கள் குற்றவாளிகளாகக் காட்டப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று கலைஞர் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. கருணாநிதி குடும்பமும் சன் குழுமத்தை நடத்தும் அவருடைய உறவினர்களும் பிறகு சமாதானமானார்கள். மதுரைச் செய்தியும் இரண்டு திரைகளிலும் மங்கியது. 2009-இல் கீழமை நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2007-இல் நாள் முழுக்க ஓடிய செய்திக்கு 2019-இல் கிடைத்த நேரம் எவ்வளவு சுருங்கியிருந்தது என்பது அன்று டி.வி. பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இரண்டாவது வீடியோ

திண்டிவனத்தைப் பற்றி எழுதும் எவரும் அன்னூரை மறக்கக் கூடாது. 2021 ஆகஸ்ட், கோவை மாவட்டம், அன்னூர் அருகே ஒட்டர்பாளையம் வி.ஏ.ஓ. அலுவலகம். பட்டியலினத்தைச் சேர்ந்த கிராம உதவியாளர், மனு விஷயமாக வந்த ஆதிக்கச் சாதி விவசாயி ஒருவரின் காலில் விழுந்து அழும் காட்சி பரவியது. வன்கொடுமை வழக்கு பதிவானது. எல்லா ஊடகங்களும் ஒரே குரலில் கண்டித்தன. சில நாட்களில் இன்னொரு வீடியோ வந்தது. அதில் உதவியாளர் அந்த விவசாயியை அடிப்பது தெரிந்தது. வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

உடனே பல ஊடகங்கள் தலைகீழாகத் திரும்பின. முதல் வாரம் கொடுமைக்கு ஆளானவர் அடுத்த வாரம் நாடகக்காரர் ஆனார். ஆனால் இரண்டாவது வீடியோ முதல் வீடியோவை அழித்துவிடவில்லை. அடித்தது தவறுதான். அடித்துவிட்ட ஓர் அரசு ஊழியர், எதிராளியின் காலில் விழுந்தால்தான் தப்பிக்க முடியும் என்று நினைத்தது ஏன் என்ற கேள்வி அப்படியே இருந்தது. இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த அறையில் அன்று என்ன நடந்தது என்று நிதானமாக எழுதியவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு ஒரு வில்லன் போதுமாயிருந்தது. வீடியோ மாறியதும் வில்லனை மாற்றிக்கொண்டார்கள்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. 2010 ஆகஸ்டில் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில், ஜெட்புளூ விமானப் பணியாளர் ஸ்டீவன் ஸ்லேட்டர், ஒரு பயணியோடு சண்டை என்று சொல்லி, ஒலிபெருக்கியில் திட்டித் தீர்த்துவிட்டு, இரண்டு பீர்களோடு அவசரச் சறுக்குப் பாதையில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை உழைக்கும் வர்க்கத்தின் நாயகனாக்கின. சில நாட்களில் சக பயணிகள் வேறு மாதிரி சொல்லத் தொடங்கினார்கள், சண்டையைத் தொடங்கியதே அவர்தான் என்பதுபோல. அக்டோபரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விமான நிறுவனத்துக்குப் பத்தாயிரம் டாலர் தருவதும் அதில் அடக்கம். முதல் நாள் முதல் பக்கத்தோடு அந்தச் செய்தியின் அளவை ஒப்பிட்டால் சிரிப்புத்தான் வரும்.

கடலூர் மாவட்டம் தெற்குதிட்டையில் நடந்தது வேறு வகை. 2020 ஜூலையில் நடந்த ஊராட்சிக் கூட்டத்தில், தலைவியான பட்டியலினப் பெண் தரையில் உட்கார வைக்கப்பட்டார், மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படம் வெளியே வந்தது அக்டோபரில். அதுவரை அது செய்தி அல்ல. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தலில் 2021 மே மாதம் முதியவர்கள் மூவர் ஊர்ப் பஞ்சாயத்தார் காலில் விழுந்ததும் படம் பரவியதால்தான் மாநிலத்துக்குத் தெரிந்தது. படம் இருந்தால்தான் செய்தி என்றாகிவிட்ட பிறகு, கேமரா இல்லாத அறைகளில் நடப்பவற்றுக்கு ஊடகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே வாசகருக்கு இல்லை.

கதவு திறந்திருந்ததா?

எல்லா ஊடகங்களும் ஒன்றுபோலத் தவறவிட்ட ஒரு விவரம் உண்டு. அறை.

2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் திருச்சி மாவட்டம் லால்குடியிலிருந்து போன ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பட்டாவில் தந்தை பெயரைச் சேர்க்கும் மனு என்ன ஆயிற்று என்று கேட்க வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்தவர், வருவாய் ஆய்வாளரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார் என்பது குற்றச்சாட்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றமாக வேண்டுமானால், அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். சம்பவம் நடந்தது அதிகாரியின் அறைக்குள், நான்கு சுவருக்குள். சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்று சொல்லி நீதிபதிகள் பி.ஆர்.கவாய், ஏ.ஜி.மசி அமர்வு வழக்கையே ரத்துசெய்தது.

ஆக, ஓர் அரசு அலுவலகத்தில் நடக்கும் அவமதிப்பு வழக்கின் தலையெழுத்து சில சின்ன விவரங்களைச் சார்ந்து நிற்கக்கூடும். கதவு திறந்திருந்ததா, உள்ளே எத்தனை பேர், அவர்கள் யார், முதலிலிருந்தே இருந்தார்களா பிறகு வந்தார்களா. திண்டிவனத்தில் இதை விசாரித்து எழுத பெரிய புலனாய்வு தேவையில்லை. அலுவலகத்துக்கு ஒரு நடை போனால் போதும். லால்குடித் தீர்ப்பு வந்து எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், கண்டனங்களுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்திருந்தால் வாசகருக்கு வழக்கின் உண்மையான பலம் தெரிந்திருக்கும். இதே சட்டம், குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் கூடியவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விழுப்புரம் சிறப்பு நீதிமன்றத்தில் அந்தக் காலக்கெடு எப்படி நடக்கிறது என்பது வக்கீல் குமாஸ்தாக்களுக்குத் தெரியும், செய்தி வாசகருக்குத் தெரியாது.

விழுப்புரம் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசும்போது ராஜேஷ் தாஸ் வழக்கைத் தாண்டிப் போக முடியாது. 2021 பிப்ரவரியில், முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த அவர் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதாக ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி புகார் கொடுத்தார். முதல் வாரம் எல்லா முதல் பக்கங்களும் அதுதான். வழக்கு விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு வந்த பிறகு சென்னைக் கேமராக்கள் குறைந்தன. சாட்சிகள், குறுக்கு விசாரணை, வேறு ஊருக்கு மாற்றக் கோரி உயர் நீதிமன்றம் வரை போன மனுக்கள், அவற்றின் தள்ளுபடி என இரண்டாண்டுக்கும் மேலான இந்த நடைமுறை முழுவதையும் தொடர்ந்து எழுதியவர்கள் பெரும்பாலும் விழுப்புரம் நிருபர்கள்தான், அதுவும் ஒற்றைப் பத்தியாக. 2023 ஜூன் 16 அன்று மூன்றாண்டுச் சிறைத்தண்டனை வந்தபோது நாடே திரும்ப வந்தது. 2024 பிப்ரவரியில் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. விவகாரம் பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அந்த 2023 தீர்ப்பில் இன்னொரு தண்டனையும் இருந்தது. புகார் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் அதிகாரியின் காரைப் பரனூர் சுங்கச்சாவடி அருகே மறித்ததற்காக, செங்கல்பட்டு எஸ்.பி.யாக இருந்தவருக்கு ₹500 அபராதம். டெல்லிச் செய்திகளில் அது கடைசி வரி. பல தலைப்புகளில் இல்லவே இல்லை. மேலதிகாரிக்காக ஒரு புகார்தாரரை வழியில் நிறுத்தினால் என்ன விலை என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பிய காவல்துறை வாசகர்கள் தேடிப் படித்திருக்கக்கூடிய வரி அதுதான்.